2014-இல் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம்: சரிசெய்வதா, புதுசு வாங்குவதா?

கிருஷ்ணகிரியில் வீட்டு உபயோகத்துக்குத்தானே, ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான், பிராசஸர் அல்ல. அதற்குப் பதில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்று போதும், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது ராம். உங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3 என்றால், அந்த மதர்போர்டுக்கு டிடிஆர்3 வகை ராம் மட்டுமே. அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4-இல், ராமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட் உடையும். பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஓசூர், இல்லையேல் பெங்களூருவில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. மாட்டிய பின் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். ராமின் தங்கநிறப் பட்டைகளை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். கம்ப்யூட்டரில் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் எனும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால் மட்டும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான். பாட்டு, பாடம், பிரவுசிங் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். டாலி (கணக்கு மென்பொருள்), வங்கி வேலை எல்லாம் விண்டோஸில்தான் என்றால் புதுசே வாங்குங்கள். இப்போது எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் சாட்டா இடம் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம், டிடிஆர்3 ராம்தான் வீண்.