பொய்க் காட்சியால் நிஜ பயம் போகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சிறு வயதிலிருந்தே உயரம் என்றால் பயம். மூன்றாவது மாடிக்கு மேல் பால்கனிப் பக்கமே போக மாட்டேன். கண்ணாடி லிஃப்ட் இருந்தால் படியேறித்தான் போவேன். கணினி உருவாக்கும் மெய்நிகர் காட்சியைக் கண் முன் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிச் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார் ஓர் உளவியலாளர். பொய்யான காட்சி என்று தெரிந்துகொண்டே பார்த்தால் பயம் எப்படிப் போகும்? நானே ஒரு ஹெட்செட் வாங்கிப் பழகினால் போதாதா?

பதில்: பொய் என்று மனசுக்குத் தெரிந்தாலும் உடம்பு கேட்பதில்லை. சிகிச்சை அறையில் சமதரையில்தான் நிற்பீர்கள். ஆனால் ஹெட்செட்டுக்குள் பத்தாவது மாடி விளிம்பு தெரிந்ததும் உள்ளங்கை வியர்க்கும், கால் விரல்கள் தரையை இறுகப் பற்றும். "ஒரு எட்டு முன்னால் வாருங்கள்" என்றால் கால் நகராது. நிஜ மாடியில் வருகிற அதே பயம்தான் இது. அது வந்தால்தான் சிகிச்சையும் நடக்கும்.

இத்தனை வருடமாகப் பயம் வந்தவுடன் விலகிவிடுகிறீர்கள். 'விலகியதால்தான் தப்பித்தோம்' என்று மூளை ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதிக்கொள்கிறது. சிகிச்சையில் விலகாமல் நிற்கப் பழக்குவார்கள். முதலில் முதல் மாடி, அப்புறம் மூன்றாவது. பயம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் கேட்பார்கள். எண்பதில் தொடங்கியது கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கலாம். இறங்காவிட்டாலும் பரவாயில்லை, பயந்தது நடக்கவில்லை என்று மூளை நேரடியாகக் கற்றுக்கொள்கிறதே, அதுதான் முக்கியம்.

ஒரு சின்னத் திருட்டுத்தனம் பலரும் செய்வார்கள். ஹெட்செட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக நிஜத் தரையை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் பலன் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து இதைக் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இது நேற்று வந்த மோஸ்தர் அல்ல. உயர பயத்துக்கு இந்த முறை பலன் தருவதாக அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் குழுவினர் 1995-லேயே ஆய்வு வெளியிட்டார்கள். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரிடம் சோதித்தது. அதில் ஹெட்செட்டுக்குள்ளேயே ஒரு கணினிப் பயிற்சியாளர் வழிநடத்தினார். அந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பயம் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. உள்ளே கற்றது வெளியே வருமா என்று கேட்டால் எங்கள் மருத்துவத் தொழிலிலேயே சாட்சி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 2002-ல், மெய்நிகர் கருவியில் பழகிய பயிற்சி அறுவை மருத்துவர்கள் நிஜ நோயாளியின் பித்தப்பையை மற்றவர்களைவிட 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள், தவறுகளும் குறைவு. அது ஹெட்செட் இல்லை, திரையைப் பார்த்துச் செய்வது. ஆனால் பொய்க் காட்சியில் பழகியது நிஜத்தில் கைகொடுக்கும் என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

சரி, நீங்களே வாங்கினால்? விளையாட்டுச் செயலிகள் எடுத்த எடுப்பிலேயே உங்களை வானளாவிய கட்டட உச்சியில் நிறுத்திவிடும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஹெட்செட்டைக் கழற்றி வீசுவீர்கள். அதுவும் ஓடித் தப்பிப்பதுதான், பயம் இன்னும் கெட்டிப்படலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. உளவியலாளர் கட்டணம் வீண் செலவாகத் தோன்றலாம், ஆனால் காசு கொடுப்பது கருவிக்காக இல்லை, அவருடைய வழிகாட்டலுக்காக.

போகும் முன் அவரிடம் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். வலிப்பு, ஒற்றைத் தலைவலி உண்டா? பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மாத்திரைகள் இந்தப் பயிற்சியின் பலனைக் குறைக்கலாம், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. நீங்கள் நகர்வதாகக் கண் சொல்ல, உடம்பின் சமநிலையை உணரும் உட்காதோ (காதின் உள்பகுதி) நீங்கள் நிற்பதாகச் சொல்வதால் ஆரம்பத்தில் குமட்டல் வரலாம். நேரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிஜ பால்கனிக்கு எப்போது அழைத்துப் போவார் என்றும் கேளுங்கள். அந்தத் திட்டம் இல்லாத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.

இன்னொன்று. உயரம் இல்லாத இடத்தில், படுக்கையில் புரளும்போதுகூடத் தலை சுற்றுகிறதா? அப்படியானால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உட்காதுக் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு இதைத் தொடங்கலாம்.