உக்கிராணத்துச் சாவி

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கல்லூரி நாளிலிருந்து உங்களை வாசிப்பவன். சென்ற மாதம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் அயோனா தீவுக்குப் போயிருந்தேன். அங்கே பழைய மடாலயத்தில் அயோனா சமூகம் என்ற கிறிஸ்தவ அமைப்பு தியான இல்லம் நடத்துகிறது. ஆறு நாள் தங்கினேன். அலுவலகத்தில் மிகவும் நொந்துபோயிருந்த நேரம் அது. மௌனத்தையும் கடலையும் எதிர்பார்த்துப் போனேன்.

போய் இறங்கியதும் ஒரு பெண்மணி கையில் பட்டியலோடு வந்து எனக்கு வேலை ஒதுக்கினார். முதல் நாள் கழிவறை, மறுநாள் காரட் நறுக்குவது. பணம் கட்டி வந்தவனுக்கு இது. சரி என்று செய்தேன். ஆனால் அந்த இடத்தை நடத்துகிறவர்களைப் பார்க்கப் பார்க்க ஏமாற்றம்தான். படகு வருமா, கொதிகலன் ஓடுமா, அடுத்த வாரம் எத்தனை பேர் என்பதைத் தவிர அவர்களுக்குப் பேச்சே இல்லை. தன்னார்வலப் பெண் ஒருத்தி பாத்திரம் கழுவுமிடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டு ஞாபகமாம். அமைதி தர வேண்டியவர்களே அமைதியில்லாமல் இருந்தால், அங்கே நடப்பது ஆன்மிகமா, விடுதி நிர்வாகமா? கடையில் செல்டிக் சிலுவை விற்கிறார்கள். கத்தோலிக்கத் துறவிகளின் மடம் சீர்திருத்தச் சபையின் கையில் இருப்பதும் உறுத்தியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு சில மாதம் தன்னார்வலனாக அங்கே போகலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

இத்தகைய கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் அத்தையின் மளிகை நோட்டு ஒன்று கிடந்தது. வீடு மாற்றும்போது பரணிலிருந்து இறங்கியது. ஆகவே மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். கடையில் சிலுவை விற்கிறார்கள் என்றால் விற்கட்டும். பழனியில் பஞ்சாமிர்தம் விற்கிறார்கள், வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி விற்கிறார்கள். அடுத்து, மடம் யார் கையில் என்பது. 1899-இல் ஆர்கைல் பிரபு அந்த இடிபாட்டை ஸ்காட்லாந்துத் திருச்சபை சார்ந்த அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுத்தபோதே, எல்லாப் பிரிவுக் கிறிஸ்தவர்களும் அங்கே வழிபட வேண்டும் என்றுதான் கொடுத்தார். உங்கள் உறுத்தல் நூறு வருடம் பிந்தி வந்திருக்கிறது.

பட்டியலோடு வந்தாரே அந்தப் பெண்மணி, அவரைப் பற்றிப் பேசுவோம். ஆறு நாள் அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் கடலின் நிறம் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. நீளம் கருதி இங்கே வெட்டிவிட்டேன். அந்தப் பெண்மணியின் பெயர் எங்கும் இல்லை. அழுத பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அவள் கையிலிருந்த தட்டை வாங்கி நீங்கள் கழுவினீர்களா? கழுவியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

கிளாஸ்கோவிலிருந்து அங்கே போன வழியை நினைத்துப் பாருங்கள். ஓபன் வரை ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து மல் தீவுக்குக் கப்பல். மல் தீவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடக்க ஒரு பஸ். கடைசியில் ஃபியன்ஃபோர்ட் துறையில் இன்னொரு படகு. நீங்கள் நறுக்கிய காரட்டில் பெரும்பகுதியும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். கழிவறைக் காகிதமும் அப்படியே. இருநூறு பேர்கூட நிரந்தரமாக வசிக்காத தீவு அது. மேற்கிலிருந்து காற்று ஓங்கினால் படகை நிறுத்திவிடுவார்கள். படகு வருமா என்று கேட்காதவர் அங்கே சமையலறைக்குப் பொறுப்பாக இருந்திருந்தால் நீங்கள் மௌனமாகப் பட்டினி கிடந்திருப்பீர்கள்.

அந்தத் தீவின் மூலவர் கொலும்பா. 563-இல் அயர்லாந்திலிருந்து பன்னிரண்டு பேரோடு படகில் வந்தவர். அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கழித்து, அதே மடத்தின் ஒன்பதாவது தலைவரான அதொம்னான் அவருடைய வரலாற்றை எழுதினார். 597 ஜூனில் கொலும்பா இறப்பதற்கு முந்தைய பகலில் நடந்ததை அதில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சொல்வது குதிரைக் கதையை. பால் செம்பு சுமக்கும் வெள்ளைக் குதிரை ஒன்று வழியோரம் உட்கார்ந்திருந்த கொலும்பாவின் மார்பில் தலை வைத்து அழுதது. பணியாள் விரட்டப் போனபோது, அழட்டும் விடு என்றார் அவர். நல்ல கதைதான். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வருகிறது. அன்று அவர் முதலில் போனது களஞ்சியத்துக்கு. உள்ளே இரண்டு குவியல் தானியம் இருந்தது. நான் போய்விட்டாலும் என் பிள்ளைகளுக்கு இந்த வருடத்துக்கு ரொட்டி இருக்கிறது என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகுதான் குதிரை. பிறகுதான் 34-ஆம் சங்கீதத்தைப் பிரதி எடுக்க உட்கார்ந்தது. ஆண்டவரைத் தேடுகிறவர்களுக்குக் குறைவு வராது என்ற வரியில் நிறுத்தி, மீதியை மற்றவர் எழுதட்டும் என்றார். நள்ளிரவில் பலிபீடத்தின் முன் உயிர் பிரிந்தது.

அந்த வரியை எழுதுவதற்கு முன் அந்த மனிதர் உக்கிராணத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், தம்பி. நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்து ஜார்ஜ் மக்லியட். நீங்கள் இருக்கும் ஊரில் கப்பல் கட்டும் கோவன் பகுதியில் போதகராக இருந்தவர். பரம்பரைப் போதகர் குடும்பம், முதல் உலகப் போரில் வீரப் பதக்கம், எதற்கும் குறைவில்லாத ஆள். கோவனில் வேலையில்லாமல் தெருவில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து, 1938-இல் பதவியை உதறினார். கொஞ்சம் கல்தச்சர்களையும் மரத்தச்சர்களையும், படிப்பு முடித்த இளம் போதகர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு அயோனாவுக்குப் போனார். கோவிலுக்குக் கூரை முன்பே போட்டிருந்தார்கள். துறவிகள் வாழ்ந்த அறைகள் இடிந்து கிடந்தன. தச்சர்கள் கட்டினார்கள். இறையியல் படித்தவர்கள் கல் சுமந்தார்கள், கலவை குழைத்தார்கள். வேலை முடிய 1965 ஆயிற்று. போர்க்காலத்தில் மரம் கிடைக்காதபோது, கனடாவிலிருந்து வந்த கப்பல் ஒன்று கடலில் தள்ளிய மரம் மல் கரையில் வந்து ஒதுங்கிய கதையை அங்கே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதிசயத்தைச் சொல்ல எல்லா இடத்திலும் ஆள் உண்டு. இருபத்தேழு ஆண்டு ஆணியை எண்ணி வைத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை. (பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1960-களின் இறுதிவரை ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குப் பட்டியலோடு உங்கள் முன் வந்து நின்றது யார் என்பதை நினைத்துக்கொண்டேன்.)

நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன். போக விடுங்கள்.

அந்தச் சமூகத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தீவில் இருப்பதில்லை. ஊர் ஊராக, அவரவர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களை இணைப்பது ஒரு விதி. அந்த விதியில் ஜெபமும் பைபிள் வாசிப்பும் இருக்கின்றன, எதிர்பார்க்கக் கூடியதே. நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் செயல்படுவது இருக்கிறது. கூடவே பணமும் நேரமும் இருக்கின்றன. உன் பணத்தை எப்படிச் செலவழித்தாய், உன் நேரத்தை எப்படிச் செலவழித்தாய் என்று உன்னைப் போன்ற சிலர் முன் உட்கார்ந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஆண்டுதோறும் தொடர விரும்புகிறாயா என்று கேட்டுக்கொண்டு புதுப்பிக்க வேண்டும்.

கணக்கு, ரா. அந்தச் சொல்லில்தான் நிற்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

நான் சிறுவயதில் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தவன். பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், பூசையில் பராக்குப் பார்த்தேன் என்று ஒப்பித்திருக்கிறேன். கொஞ்சம் வளர்ந்த பின் சொல்லக் கூசியவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஒரு சாமியாரும் உன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எதில் போட்டாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். காமத்தையும் கோபத்தையும் யாரிடமும் சொல்லிவிடலாம், அதில் ஒரு கவிதைகூட இருக்கிறது. வங்கிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவதில் எந்தக் கவிதையும் இல்லை. உங்கள் நெருங்கிய நண்பர்கள் நான்கு பேரிடம், போன வாரம் தொலைபேசித் திரையைத் தடவிக்கொண்டு எத்தனை மணி நேரம் கழித்தேன் என்று நாள்வாரியாகச் சொல்லிப் பாருங்கள். அதைவிடக் கழிவறை கழுவுவது எளிது என்பது விளங்கும்.

நம் ஊர் சாதகர்கள் கணக்கென்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். குருவைத் தெரியும், குரு எந்தப் பாறையில் உட்கார்ந்தார் என்று தெரியும். தொட்டியில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று கேட்டதில்லை. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று இன்னமும் சொல்கிறோம். சின்னண்ணன் ஸ்காட்லாந்துக்காரர், நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர். அங்கே அரிசி அளந்தவருக்கு என்ன அண்ணன் என்று பெயர்?

என் அத்தை அரிசி அளந்தவள். இருபத்தாறு வயதில் கணவனை இழந்து, எங்கள் பக்கத்துத் தியான இல்லம் ஒன்றில் அடுப்படிக்கும் உக்கிராணத்துக்கும் பொறுப்பாகப் போனாள். அந்த நாளில் தியானம் என்று சொல்வதில்லை, ஞான ஒடுக்கம் என்பார்கள். மூன்று நாள் உலகத்திலிருந்து ஒடுங்கி இருப்பது. அத்தை முப்பத்தொரு வருடம் ஒடுங்குகிறவர்களுக்குச் சோறு போட்டாள். அவள் நோட்டில் இப்படி இருக்கிறது: அறுபது பேருக்கு முதல் நாள் பத்துக் கிலோ. இரண்டாம் நாள் மாலை பாவசங்கீர்த்தனம், அன்று இரவு ஒரு கிலோ குறைத்துப் போடவும். மூன்றாம் நாள் மன்னிப்புக் கிடைத்துவிடும், இரண்டு கிலோ கூட்டவும். மனித ஆன்மாவைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டதை நான் குறைவாகவே வாசித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர்கள் அறுபது பேர் முழு மௌனத்தில் இருந்தார்கள். அத்தை காலைப் பலகாரம் முடிந்ததும் உக்கிராணத்தைப் பூட்டினாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சாப்பாட்டு அறையில் அறுபது பேரும் வெறும் தட்டின் முன் இருந்தார்கள். மௌனம். யாரும் வாய் திறந்து கேட்க முடியாது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். சமையல் பையன் கையை விரித்துக் காட்டினான். நடத்துகிற சாமியார் தோட்டம், கிணற்றடி எல்லாம் தேடிவிட்டு இரண்டு மணிக்குக் கோவிலில் அவளைக் கண்டுபிடித்தார். அங்கே நற்கருணை, கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பம், வைத்திருந்தார்கள். ஆகவே அவராலும் கத்த முடியவில்லை. அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்து உலை வைத்தாள்.

அன்றைய தேதிக்கு நோட்டில் அவள் எழுதியது இவ்வளவுதான்: வெள்ளி. சோறு மூன்று மணி. காரணம் நான். கீழே தன் சம்பளத்தில் அரை நாள் கூலியைத் தானே கழித்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் வருட முடிவில், முழங்கால் போனபின், அந்த இல்லம் அவளுக்கு ஒரு சேலையும் இருதய ஆண்டவர் படமும் கொடுத்து அனுப்பியது. ஓய்வூதியம் கிடையாது, வைப்புநிதி கிடையாது. சேவை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இல்லத்தின் கணக்கில் அவளுக்கு ஒரு பக்கம்கூட இருந்திருக்காது. அவள் கணக்கில் அரை நாள்கூட விடுபடவில்லை. சேவை, தன்னார்வம் என்ற சொற்களை யாராவது இனிமையாகச் சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அமைதி தரும் இல்லம் எதுவும் யாரோ சிலருடைய அமைதியை எடுத்துத்தான் தருகிறது. எவ்வளவு எடுத்தோம் என்று எழுதி வைக்கிற இல்லம் மேல். அயோனா மடாலயத்தைச் சில ஆண்டுகள் மூடிப் புதுப்பித்து 2021-இல் திறந்தார்கள். அதற்காக ஊர் ஊராகக் கையேந்தி நிதி திரட்டினார்கள். அந்தப் பெண்மணி கொதிகலனைப் பற்றிக் கவலைப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். உணவும் தங்குமிடமும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருவார்கள், அதில் பணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நல்ல மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் உங்களுக்கு ஓய்வு நாள் எது என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த நாளில் கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். போகும்போது சாவி உங்களிடம் இருந்தால் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.