மழை விட்டதும் சாட்டம் (எழும்பிக் குதிப்பது) குறைவது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை முழுக்க வாலிபால் கிரவுண்டில் தண்ணி. ரெண்டு மாசமா பந்தையே தொடல்ல. இப்போ ஸ்மாஷுக்குச் சாடினா பந்து நெட்டில போய் முட்டுது. காலில பெலன் போயிட்டா சார்? – கருங்கல் வாசகர்

பெலன் அவ்வளவு சீக்கிரம் போகாது தம்பி. மூன்று, நான்கு வாரம் சும்மா இருந்தாலும் தொடையின் பலம் பெரும்பாலும் நிற்கும். இரண்டு மாதத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கு முன்பே மங்குவது துள்ளல்: கால் ஊன்றி, முட்டு (முழங்கால்) மடங்கி, மடங்கிய வேகத்திலேயே எழும்புவது. கூடவே கணிப்பும் தப்பும். லிஃப்டர் தூக்கிய பந்துக்கு ஒரு இமைப்பொழுது முந்திச் சாடினால், பந்து வரும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். 2.43 மீட்டர் நெட் அப்போதுதான் மலையாகத் தெரியும். கிறிஸ்துமஸ் கேக் ஏற்றிய எடையையும் அதே கால்தானே தூக்க வேண்டும்!

சுவரில் சோதித்துப் பாருங்கள். விரலில் சாக்பீஸ் தூள் தடவி, முட்டு மடக்கி மூன்று நொடி அப்படியே நின்று சாடி ஒரு அடையாளம். பிறகு சட்டென்று மடங்கி எழும்பி இன்னொன்று. முன்பெல்லாம் இரண்டாவது நன்றாக மேலே இருந்து, இப்போது இரண்டும் ஒட்டி நின்றால், போனது துள்ளல். இரண்டுமே பழைய உயரத்துக்குக் கீழே என்றால் பலத்தையும் எடையையும் கவனியுங்கள்.

மழை நேரத்தில் வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்? – தக்கலை வாசகி

வாரம் ஒரு நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தாலே இருக்கும் பலத்தைக் காப்பாற்றலாம். பயிற்சி நாட்களைக் குறைக்கலாம், சுமையைக் குறைக்கக் கூடாது. துள்ளலுக்கு வராந்தாவில் ஸ்கிப்பிங் போதும். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம்.

கடல் மணலில் சாடிப் பழகினால் உயரம் கூடுமா? – குளச்சல் வாசகர்

மணல் உந்துவிசையை விழுங்கும். இறங்கும்போது முட்டுக்கு இதம். இடைவேளை முடிந்து திரும்பும் முதல் இரண்டு வாரத்துக்கு நல்லது. கோர்ட்டுத் துள்ளலை மட்டும் கெட்டித் தரையில்தான் பழக வேண்டும்.

ஓய்வெடுத்தப்போ முட்டுச்சிரட்டைக்குக் கீழே வலி இல்லை. விளையாடத் தொடங்கியதும் திரும்ப வருது. – மார்த்தாண்டம் வாசகர்

ஓய்வு வலியை அடக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை உறுதியாக்காது. தசை தேறும் வேகத்தில் நாண் தேறுவதில்லை. முதல் நாளே நூறு சாட்டம் வாங்கும் அண்ணன்மாரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சுவரில் சாய்ந்து, முட்டு மடக்கி 45 நொடி, ஐந்து முறை நில்லுங்கள். மெதுவான ஸ்குவாட்டும் சேருங்கள். சாட்டத்தை வாரவாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வீக்கம் இருந்தாலோ, மறுநாள் படியிறங்க வலித்தாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள்.