விடியற்காலையில் வாய் பிளக்கும் மீன்கள்

கேள்வி: பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். இரண்டு நாளாக மேகமூட்டம். விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பசி என்று நினைத்துத் தவிடும் புண்ணாக்கும் போட்டேன், தொடவே இல்லை. என்ன நோய் இது?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோயும் இல்லை, பசியும் இல்லை, மூச்சுத் திணறல். தீவனத்தை இன்றே நிறுத்துங்கள், தின்னாத புண்ணாக்கு அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துவிடும்.

பகலில் வெயிலில் ஆக்சிஜன் விடுகிற பாசி, இரவில் மீனோடு சேர்ந்து தானும் சுவாசிக்கிறது, அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் அளவு மிகக் குறைவாக இருக்கும், மேகம் மூடிய நாளில் பகல் வரவும் குறைவு என்பதால் கேட்கவே வேண்டாம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு நிம்மதி. 3-க்குக் கீழே போனால் சிரமம்தான்.

மேலே வருவதற்கு முன்பே மீனின் உடம்பு என்னென்னவோ செய்து பார்த்திருக்கும். ஆக்சிஜன் குறைவதைச் செவுளில் உள்ள சில செல்கள் உணர்ந்ததும் செவுள் மூடி வேகமாக அடிக்கத் தொடங்கும். இதயமும் வேகமெடுக்கும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலான மீன்களில் துடிப்பு மெதுவாகிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுகிற ரத்தம் கூடுகிறது. மண்ணீரல், தான் சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடும். பற்றாக்குறை நாள்கணக்கில் நீடித்தால் சிவப்பணுவுக்குள் ஏடிபி, ஜிடிபி என்ற சக்தி தரும் வேதிப்பொருள்கள் குறைந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். செரிமானத்துக்கும் ஆக்சிஜன் நிறையச் செலவாகும் என்பதால் இந்த நேரத்தில் இரையைத் தொடாது. இவ்வளவும் போதாதபோதுதான், காற்றை ஒட்டிய மேல்நீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சத்தைச் செவுளுக்குள் ஓட்ட மேலே வந்து வாய் பிளக்கிறது. அதுவும் பற்றாவிட்டால் ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கப் பார்க்கும், உடம்பில் லாக்டிக் அமிலம் ஏறும், கெண்டைகள் அதை நீண்ட நேரம் தாங்காது. (விரால் கதை வேறு, அது காற்றையே விழுங்கிச் சுவாசிப்பது, மேலே வர விடாமல் தடுத்தால்தான் செத்துப்போகும்.)

சரி, இப்போது மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து பூவாளி போலச் சிதறி விழச் செய்யுங்கள். போர் தண்ணீர் விடுவதானாலும் இதே போலச் சிதறி விழச் செய்யுங்கள், நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். சாணி கரைத்து விடுகிற வழக்கம் இருந்தால் மேகம் விலகும்வரை வேண்டாம். அதுவரை தினமும் விடிவதற்கு முன் டார்ச்சோடு ஒரு முறை கரையைச் சுற்றி வாருங்கள், பெரிய மீன்கள்தான் பெரும்பாலும் முதலில் சாகும்.