வங்கியிலிருந்து வகுப்பறைக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. பொதுத்துறை வங்கியில் 28 வருடம் முடித்துவிட்டேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று வெகுநாள் ஆசை. மகன் வேலைக்குப் போய்விட்டான், கடன் இல்லை. நீங்கள் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்று வியட்நாமில் கற்பித்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, பிறகு பி.காம். ஆங்கிலம் தடையில்லாமல் வரும், ஆனால் உச்சரிப்பு நம்மூர் உச்சரிப்புதான். வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டு என்னை யார் எடுப்பார்கள்? ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேரச் சான்றிதழ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அந்தச் சான்றிதழ் போதாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் பணத்தை முதலில் அங்கேதான் போடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்த்து, கேள்விகளுக்கு விடை தட்டினால் அது வந்துவிடும். நீங்கள் பாடம் நடத்துவதை ஒருவர்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா என்ற படிப்பும் ஏறக்குறைய அதே 120 மணி நேரம்தான். முழுநேரமாகப் படித்தால் நான்கு வாரம், இப்போது இணைய வழியிலும் நடக்கிறது. செலவு பல மடங்கு. ஆனால் அதில் ஆறு மணி நேரம் நீங்கள் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவேண்டும். பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், கூடப் படிப்பவர்களும் பார்ப்பார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்-டெசால் என்ற படிப்பும் இதே தரம்தான்.

நான் செல்ட்டாவில் சேர்ந்தபோது 53 வயது. முதல் பாடம், முன்பு இருந்து இப்போது இல்லாததைச் சொல்லும் 'யூஸ்ட் டு'. விளக்கு விளக்கென்று விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மனநிறைவோடு வந்து உட்கார்ந்தேன். பயிற்றுநர் எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: 40 நிமிட வகுப்பில் நீங்கள் பேசியது 31 நிமிடம்.

புரிந்ததா என்று கேட்காதீர்கள் என்றார் அவர். நம் பள்ளிக்கூடங்களில் 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது சார்' என்று ஒரே குரலில் பதில் வரும், நாமும் அப்படிச் சொல்லித்தானே வளர்ந்தோம்? அதற்குப் பதில் 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' என்று எழுதிவிட்டு இரண்டு கேள்வி கேட்கவேண்டும். முன்பு மதுரையில் இருந்தேனா? இப்போது இருக்கிறேனா? விடை சரியாக வந்தால் புரிந்திருக்கிறது. தெரிந்ததையெல்லாம் கொட்டாமல் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பேசவைக்க, 30 வருடம் அதிகாரியாக இருந்த எனக்கு நான்கு வாரமும் போதவில்லை. உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும். ஆங்கிலம் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு.

இப்போது உங்கள் உச்சரிப்புக்கு வருகிறேன். வியட்நாம் தலைநகர் ஹனோயில் என் மாணவர்கள் 'லைக்', 'லைஃப்', 'லைன்' மூன்றையும் 'லை' என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் சக ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டார். எனக்கு நம்மூர் 'லைக்கு', 'லைஃபு' நினைவுக்கு வந்தது. தமிழில் சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது, அதனால் நாம் ஓர் உகரத்தைச் சேர்க்கிறோம். வியட்நாம் மொழியிலும் சொல்லின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்கள் சிலவே. அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். நோய் ஒன்றுதான், அறிகுறிதான் வேறு. என் ஊர் உச்சரிப்பையும் கரும்பலகையில் எழுதிக்காட்டினேன். அன்றைக்கு வகுப்பு சிரித்தது, ஒரு பெண் 'லைஃப்' என்பதை முழுதாகச் சொன்னாள். அதேபோல பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஏ' (a), 'த' (the) எங்கே போடுவது என்று அவர்கள் திணறும்போது, தமிழிலும் அவை இல்லாததால் பள்ளியில் நான் திணறிய இடங்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் தமிழ்வழிப் படிப்புதான் உங்கள் கைமுதல். ஹங்கேரிய ஆங்கிலப் பேராசிரியர் பீட்டர் மெட்யெஷ் இதை 1990களிலேயே விரிவாக எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்ற நம் மொழியியலாளர் சுரேஷ் கனகராஜாவும் இதற்காகத் தொடர்ந்து வாதாடிவருகிறார்.

ஆனால் விசா அலுவலகம் இவர்களைப் படிப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. தென்கொரியாவின் வழக்கமான ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தாய்லாந்திலும் வியட்நாமிலும் நமக்கு வழி உண்டு. பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார்கள். தாய்லாந்தில் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பது வழக்கம். விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர், என்றே போட்டிருக்கும், ஒரே வேலைக்கு நமக்குச் சம்பளமும் குறைவாகச் சொல்வார்கள். இது அநியாயம். அந்த விளம்பரங்களுக்கும் விண்ணப்பியுங்கள், மாதிரி வகுப்பு எடுக்க அனுமதி கேளுங்கள். எனக்கு வேலை அப்படித்தான் கிடைத்தது. மாலத்தீவுப் பள்ளிகளிலும் நம்மவர்கள் வெகுகாலமாகக் கற்பிக்கிறார்கள், அதற்கு முன்னால் பேரரசர் ஹெய்லி செலாசி காலத்து எத்தியோப்பியாவில் இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நீங்கள் போகப்போவது புதுப் பாதை இல்லை.

ஒருமுறை ஒரு முகவர் என்னைச் சுற்றுலா விசாவில் வரச்சொன்னார், வந்தபிறகு மாற்றித்தருவதாக. நம்பிப் போய் மூன்று மாதம் சம்பளமில்லாமல் திரும்பி வந்தேன். வேலை அனுமதிக்கான ஏற்பாடு எழுத்தில் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 20 வருடச் சேவை தாண்டிவிட்டதால் உங்களுக்கு பென்ஷன் உண்டு. நவம்பர் மாத வாழ்நாள் சான்றை இந்தியத் தூதரகம் வழியாகவும் கொடுக்கலாம். ஹனோயில் என் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்க் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மொழி மையங்களில் வேலை மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான். கூட வருகிறவருக்கு ஊரே ஓய்வெடுக்கும் நேரத்தில் தனிமை, பகலில் மொழி தெரியாத தெரு. என் மனைவி முதல் ஆறு மாதம் பட்ட பாட்டை நான் சரியாகக் கவனிக்கவில்லை. உங்கள் மனைவியிடம் முதலில் பேசுங்கள்.

அப்புறம், விருப்ப ஓய்வுக் கடிதத்தை இப்போதே கொடுக்கவேண்டாம். அதற்கு மூன்று மாத நோட்டீஸ் போதும். அதற்கு முன் கும்பகோணத்திலேயே எட்டுப் பத்துப் பேரைச் சேருங்கள். செவிலியர், கடைப் பணியாளர், யாராக இருந்தாலும் சரி. ஞாயிறு காலை ஒரு மணி நேரம், இலவசமாக. கைபேசியில் வகுப்பைப் பதிவுசெய்து, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கணக்கெடுங்கள். எட்டு ஞாயிறு முடிந்ததும் முதல் வாரக் கணக்கையும் கடைசி வாரக் கணக்கையும் எனக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த மையம் என்பதை அப்போது பேசலாம்.