ஒரே இரைச்சல் மட்டும்தான் கேட்கிறதா?

வணக்கம். காஸ் (Gas) என்ற பெயரில் வந்த 'கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட்' என்ற மின்னணு இசை ஆல்பத்தை இரண்டு முறை போனில் கேட்டும் 'மழை இரைச்சல் போல இருக்கிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் குற்றவாளி போன் ஸ்பீக்கர்தான். இதில் 'தம் தம்' என்று அடிக்கும் கிக் டிரம் மிகத் தாழ்ந்த ஒலி. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. கிக் போய்விட்டால் மிஞ்சுவது மூட்டம் மட்டும். காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், சத்தம் மிதமாகவே இருக்கட்டும்.

அப்புறம், பாட்டு 'தொடங்கும்' என்று காத்திருக்காதீர்கள். பாட்டுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்தான். இதைச் செய்த வொல்ஃப்காங் ஃபோய்க்ட் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்காரர். கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் அந்த ஊரை ஒட்டிய காடு. பழைய ஆர்கெஸ்ட்ரா இசையிலிருந்து துணுக்குகளை எடுத்து, அடையாளம் தெரியாத அளவு மங்கலாக்கிச் சுழலவிட்டு, அடியில் ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசை வகைக் கிக்கை ஓடவிட்டிருக்கிறார். காட்டுக்கு அப்பால் எங்கோ டிஸ்கோ நடப்பது போல இருக்கும்.

முதலில் கிக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது பழகியதும் காதை மேலே கொண்டுபோய், ஒரே ஒரு வயலின் இழை எத்தனை கிக் அடிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். கிக்கும் அந்தச் சுழற்சியும் கச்சிதமாகப் பொருந்தாத இடங்களில்தான் எனக்குச் சுவையே. ஐந்தாவது பாட்டில் பித்தளைக் குழல்கள் எழும். அதற்கே காசு சரி.

அப்படியும் ஒட்டவில்லையா? அவரே காஸ் என்ற பெயரில் 2000இல் வெளியிட்ட 'பாப்' ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் கிக் குறைவு, வெளிச்சம் அதிகம்.