போர்க்கால கிறிஸ்துமஸ் பாடல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிங் கிராஸ்பி பாடிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாய்களை உருக்கியது என்கிறார்கள். இந்த வகைப் பாடல்கள் எல்லாமே எனக்குச் சர்க்கரைப்பாகுதான். அதை எழுதிய இர்விங் பெர்லின் யூதர் என்பது வேறு விந்தை. எந்தப் பதிவைக் கேட்டால் அருமை புரியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இன்று எங்கும் ஒலிப்பது 1947 மார்ச் பதிவு. 1942 மே பதிவின் மூலத்தட்டு, நகலெடுத்தே தேய்ந்துவிட்டதால் மறுபடி பாடினார்கள். சிப்பாய்கள் கேட்டது பழையது. யூதர் விஷயத்தை விடுங்கள், அது தொழில்.

ஆனால் ‘சர்க்கரைப்பாகு’! காதைக் கொடுக்காமல் தீர்ப்பு மட்டும் எழுதுகிறீர்கள். சில நாட்களாக இந்த மெட்டிலேயே மனம் கிடக்கிறது, அதனால் சொல்கிறேன். கீபோர்டில் சி கட்டையைச் சட்ஜமாக வைத்து முதல் வரியை வாசியுங்கள். அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், மறுபடி காந்தாரம், சாதாரண காந்தாரம், அந்தரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம். எட்டு சுரத்திலும் அரைச்சுரத்துக்கு மேல், அதாவது பக்கத்துக் கட்டையைத் தாண்டி, ஒரு நகர்வு கிடையாது. அந்தச் சாதாரண காந்தாரத்தை ரிஷபமாக்கிப் பாடிப் பாருங்கள், ஏக்கம் போய் வெறும் வாழ்த்து அட்டை மிஞ்சும்.

பாட்டு கடைசியில் உங்கள் நாட்கள் ஒளிரட்டும் என்று வாழ்த்துகிறது. ‘பிரைட்’ என்ற சொல்லுக்கு எஃப், ஏ, சி சேர்த்துப் பிடித்து, சொல் நீளும்போதே நடுக்கட்டையை அரைச்சுரம் இறக்க வேண்டும். மலர்ச்சியான மேஜர், சோகம் தொனிக்கும் மைனராகிறது. நம் கணக்கில் சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாகிறது. ஒளி என்று பாடும்போதே அடியில் இருட்டுகிறது ஐயா! இறக்க மறந்து வாசிப்பவர்கள்தான் உங்கள் பாகைக் காய்ச்சுபவர்கள்.

பாட்டுக்கு முன்னுரை போல பெர்லின் எழுதிய முன்பத்தியில் பெவர்லி ஹில்ஸ் வெயில், ஆரஞ்சு மரம், பனை எல்லாம் உண்டு. கிராஸ்பியின் பதிவில் அது கிடையாது. பாடுபவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாததால், பசிபிக் தீவில் வியர்த்துக்கொண்டிருந்தவனும் அதைத் தன் பாட்டாக்கிக்கொள்ள முடிந்தது.

இனிப்பு எப்போது சேர்ந்தது என்றும் சொல்கிறேன். ‘ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்’ என்ற இன்னொரு போர்க்காலப் பாட்டு முதலில், இதுவே உன் கடைசி கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்றது. 1944 படத்துக்காக நடிகை ஜூடி கார்லண்ட் அதைப் பாட மறுத்தார். பாட்டை எழுதிய ஹியூ மார்ட்டின் மாற்றினார். அப்போதும், அதுவரை எப்படியோ தட்டுத்தடுமாறி ஓட்டுவோம் என்ற வரி தங்கியது. 1957இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அதையும் எடுக்கச் சொல்ல, மரக்கிளை உச்சியில் நட்சத்திரம் தொங்கவிடும் வரி வந்தது. போர் முடிந்து 12 ஆண்டுகள் கழித்து. நீங்கள் கேட்டது அநேகமாக அந்த நட்சத்திரத்தைத்தான்.